கட்டாயமா, விருப்பமா

சென்னப்பன்: அங்கயே இரும்மா. கதவுகிட்ட நாற்காலி கிடக்குது பாரு, அதுல உட்காரு. கிட்ட வர வேண்டாம்.

தஸ்லிம்: சரிங்க ஐயா. மறுபடி கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்த வீட்டுல ஜெயப்ரியா எத்தனை பேரு?

சென்னப்பன்: ஒருத்திதான். என் மருமக. இது என்ன, ஜெயப்ரியாங்களுக்குக் கட்டின ஹாஸ்டலா?

தஸ்லிம்: எங்க கணக்குல ரெண்டு பேரா வர்றாங்க. தமிழ்நாட்டு நர்ஸ் பதிவுல ஒரு ஜெயப்ரியா. கர்நாடகாப் பதிவுல ஒரு ஜெயப்ரியா. ரெண்டு பேருக்கும் விலாசம் பாகலூர், இதே வீடு.

சென்னப்பன்: இங்க படிச்சா, இங்க பதிஞ்சா. பெங்களூருல வேலை கிடைச்சது, அங்கயும் பதிஞ்சா. எங்க தோட்டத்தத் தாண்டினா கர்நாடகா. இதுல தப்பென்ன?

தஸ்லிம்: தப்பே இல்லீங்க. ஆனா ரெண்டு மாநிலமும் "எங்ககிட்ட ஒரு நர்ஸ் இருக்காங்க"ன்னு எண்ணி வச்சிருக்கு. போய்ப் பார்த்தா எந்த வார்டுலயும் அவங்க இல்ல. இப்படி மாவட்டம் பூரா பேரு இருக்கு, ஆளு இல்ல. பாதிப் பேரு பெங்களூரு, துபாய். கொஞ்சம் பேரு கம்பெனியில போனுக்கு ஸ்க்ரூ போடறாங்க. மீதி எங்கன்னுதான் வீடு வீடா...

சென்னப்பன்: தேடிட்டு வர்றீயாக்கும். நீ யாரு, ஆபீஸ் கிளார்க்கா?

தஸ்லிம்: நானும் நர்ஸ்தாங்க. பேரு தஸ்லிம். கிருஷ்ணகிரி. வார்டுலருந்து எடுத்து இந்தக் கணக்குக்குப் போட்டுட்டாங்க.

சென்னப்பன்: நர்ஸ் பத்தலன்னு எண்ணறதுக்கு ஒரு நர்ஸ அனுப்பியிருக்கான். அப்ப உன் வார்டுல யாரு?

தஸ்லிம்: பக்கத்து வார்டு அக்கா பார்த்துக்கறாங்க.

சென்னப்பன்: அந்த அக்கா வார்டை?

தஸ்லிம்: ...அதை யாரும் எண்ணலீங்க ஐயா.

சென்னப்பன்: ம். கெட்டிக்காரங்கதான்.

தஸ்லிம்: ஜெயப்ரியா அக்கா எங்கங்க? அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிஞ்சுடும்.

சென்னப்பன்: கோயிலுக்குப் போயிருக்கா. இல்ல... ஓசூருக்கு. மருந்துக் கடைக்கு.

தஸ்லிம்: மருந்தா? யாருக்குங்க?

சென்னப்பன்: மாட்டுக்கு.

தஸ்லிம்: வாசல்ல மாடு எதையும் காணமே.

சென்னப்பன்: மாட்டையும் எண்ணச் சொன்னாங்களா உன்ன?

தஸ்லிம்: இல்லீங்க, இல்லீங்க... அது என்னங்க ஐயா, கட்டிலுக்குக் கீழ ஏதோ ஓடற மாதிரி சத்தம்?

சென்னப்பன்: மீன் தொட்டி மோட்டாரு.

தஸ்லிம்: தொட்டி எங்க?

சென்னப்பன்: மீனு செத்துடுச்சு. தொட்டிய எடுத்துட்டோம்.

தஸ்லிம்: மோட்டாரு மட்டும் ஓடுதா?

சென்னப்பன்: ஓடட்டும்னு விட்டிருக்கோம். நீ வந்த வேலையப் பாரு.

தஸ்லிம்: சரிங்க. அக்கா ரெண்டு வருஷமா வேலைக்குப் போகல. காரணம்?

சென்னப்பன்: நான் வேண்டாம்னுட்டேன். மருமக நைட் டியூட்டி பார்த்துத்தான் உலை கொதிக்கணும்னு இந்த ஊட்டுக்கு எந்தக் காலத்துலயும் வந்ததில்ல. ரோஜா வளக்கற ஷெட்டு இருக்கு. மகன் நவீன்குமாரு ஓசூர்ல கம்பெனிக்குப் போறான். போதும்.

தஸ்லிம்: ஊர்லயும் அப்படித்தான் சொன்னாங்க.

சென்னப்பன்: யாரு? என்ன சொன்னாங்க?

தஸ்லிம்: டீக்கடையில வழி கேட்டேன். "சென்னப்பனா, ரொம்பக் கண்டிப்பான ஆளு. மருமகள வேலைக்கு விடமாட்டாரு. தானும் வெளிய வரமாட்டாரு, ஒருத்தரையும் உள்ள விடமாட்டாரு. பார்த்துப் போம்மா"ன்னாங்க.

சென்னப்பன்: சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

தஸ்லிம்: என்ன மட்டும் உள்ள விட்டீங்களே.

சென்னப்பன்: சர்க்கார் ஆளுன்னு குரல் குடுத்த. சர்க்கார வாசல்ல நிக்க வச்சுப் பேச முடியுமா? ...அது கிடக்கட்டும். இப்ப நீ எழுதிட்டுப் போன பின்னால என்ன நடக்கும்?

தஸ்லிம்: விருப்பம் இருக்கறவங்களுக்குக் கொஞ்ச நாள் பயிற்சி. அப்புறம் ஓசூர்லயே ஆள் இல்லாத வார்டுல வேலை. பகல் டியூட்டி.

சென்னப்பன்: கட்டாயமா?

தஸ்லிம்: ஐயோ, கட்டாயமெல்லாம் இல்லீங்க. பயப்படாதீங்க. விருப்பம்தான்.

சென்னப்பன்: விருப்பம்தானா.

தஸ்லிம்: ஆமாங்க.

சென்னப்பன்: வரலைன்னா ஃபைன், கீன்...?

தஸ்லிம்: ஒண்ணும் கிடையாதுங்க.

சென்னப்பன்: போலீசு?

தஸ்லிம்: நர்ஸ் வரலைன்னு போலீசா? நல்லா கேட்டீங்க.

சென்னப்பன்: சிரிக்காத. ஆளே இல்லைன்னு ஊடு ஊடா வர்றீங்க, வந்து "உங்க இஷ்டம்"னுட்டுப் போறீங்க. இதென்ன சர்க்காரு? ஒரு உத்தரவு போடறதுக்குத் துப்பில்ல? உத்தரவுன்னு ஒண்ணு வந்தா, அப்புறம் நான் என்ன பண்ண முடியும்? நீயே சொல்லு.

தஸ்லிம்: கோபப்படாதீங்க ஐயா. உங்க மனசு கஷ்டப்படற மாதிரி யாரும் கூப்பிட மாட்டாங்க.

சென்னப்பன்: ...விளங்கிடும்.

தஸ்லிம்: என்னங்க?

சென்னப்பன்: ஒண்ணுமில்ல. எழுது.

தஸ்லிம்: எழுதறதுலதாங்க ஒரு சிக்கல். உங்ககிட்ட மறைச்சுட்டேன். ரெண்டு பேரா இருக்குன்னு பார்க்க மட்டும் நான் வரல. அக்கா விஷயத்துல ரெண்டு பதிலும் வந்திருக்கு.

சென்னப்பன்: எப்படி?

தஸ்லிம்: போன மாசம் ஆபீஸ்லருந்து அக்காவுக்குப் போன் பண்ணோம். "விருப்பம் இல்லைங்க"ன்னு வச்சுட்டாங்க. மறுநாள் ஒருத்தர் எங்களுக்குப் போன் பண்ணாரு. "பாகலூரு ஜெயப்ரியாவுக்கு விருப்பம் உண்டு, அப்படியே எழுது"ன்னாரு. பேரு கேட்டா சொல்லல.

சென்னப்பன்: எவனாவது குடிகாரனா இருப்பான்.

தஸ்லிம்: வயசான குரலாம். தெலுங்குல பேசினாராம். எடுத்த பொண்ணுக்குத் தெலுங்கு தெரியும். வார்த்தைக்கு வார்த்தை "தல்லி, தல்லி"ன்னாராம், அம்மான்னு அர்த்தமாம்.

சென்னப்பன்: எங்க ஊட்டுல தெலுங்கு பேச யாரும் இல்ல.

தஸ்லிம்: பக்கத்துல...?

சென்னப்பன்: இந்த எல்லையில தெலுங்கு பேசறவனையெல்லாம் பிடிச்சுட்டு வருவியா? பாதி ஊரு வரும். ...ஸ்ஸ்.

தஸ்லிம்: என்னங்க ஐயா?

சென்னப்பன்: ஒண்ணுமில்ல. மணி என்ன ஆச்சு? இந்நேரம் வந்திருப்பாளே இவ...

தஸ்லிம்: வேர்க்குது உங்களுக்கு.

சென்னப்பன்: வெயிலு.

தஸ்லிம்: ஓசூர்க் குளிருல, ஃபேன் கூடப் போடாத வீட்டுல... ஐயா, நான் நர்ஸ். உள்ள வந்ததுமே தெரிஞ்சது. அது மீன் தொட்டி மோட்டாரு இல்ல. காத்துப் படுக்கை மோட்டாரு. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குப் போடறது. எந்தப் பக்கம் வரல?

சென்னப்பன்: ...இடது. கையும் காலும்.

தஸ்லிம்: எப்ப ஆச்சு?

சென்னப்பன்: ரெண்டு வருஷம்.

தஸ்லிம்: அக்கா வேலைய விட்டதும்...

சென்னப்பன்: மெதுவாப் பேசு. சன்னல் திறந்திருக்கு. ஊர்ல யாருக்கும் தெரியாது. பஞ்சாயத்துல நான் எழுந்து நின்னா நாலு ஊரு நிக்கும். அந்த ஆளு இப்படிக் கிடக்கறத எவனும் வந்து பார்த்து உச்சுக் கொட்ட வேண்டாம்னுதான்... மருமகள நான் நிறுத்திட்டேன்னு சொல்லி வச்சோம். கண்டிப்பான ஆளுன்னு பேரு வந்தா வந்துட்டுப் போகுது. பாவம்னு ஒரு பேரு வரக் கூடாது.

தஸ்லிம்: சரிங்க. இப்ப உங்களத் திருப்பிப் படுக்க வைக்கணும். நேரம் தாண்டிடுச்சு. நான் பண்ணட்டுமா?

சென்னப்பன்: வேண்டாம். அவ வருவா.

தஸ்லிம்: வலிக்குதுல்ல?

சென்னப்பன்: வலிச்சா வலிக்கட்டும். வேத்து மனுஷி, பொம்பளப் புள்ள, உன் கை எம்மேல படறதா?

தஸ்லிம்: அக்காவும் பொம்பளப் புள்ளதானே?

சென்னப்பன்: அவ எங்க ஊட்டுப் புள்ள.

தஸ்லிம்: நீங்கதானே ஐயா உள்ள வான்னீங்க. உள்ள வந்துட்டேன்ல?

சென்னப்பன்: ...வாயாடி. கதவச் சாத்து மொதல்ல.

தஸ்லிம்: சாத்தியாச்சு. வலது கைய என் தோள்ல போடுங்க. முழங்கால நான் மடக்கறேன். அப்படித்தான்... இப்ப என் பக்கம்...

சென்னப்பன்: மெல்லகா... மெல்லகா தல்லி... என்ன, பாதியில நிறுத்திட்ட?

தஸ்லிம்: தெலுங்கு பேச யாரும் இல்லைன்னீங்களே.

சென்னப்பன்: வலி எந்த பாஷையில வரும்னு எனக்கென்ன தெரியும்? எங்கம்மா பேசின பாஷை. நீ திருப்பு.

தஸ்லிம்: ஆச்சு, ஆச்சு. முதுகப் பார்க்கறேன், கொஞ்சம் இருங்க... சுபஹானல்லாஹ்.

சென்னப்பன்: என்ன? புண்ணா?

தஸ்லிம்: இல்லீங்க. ஒரு சிவப்புக் கூட இல்ல. ரெண்டு வருஷம் படுத்திருக்கற உடம்புல இப்படி ஒரு முதுக நான் பார்த்ததில்லீங்க ஐயா. எங்க வார்டுல ஒரே வாரத்துல புண்ணு வந்துடும். அக்காவப் போய் "பணியில் இல்லை"ன்னு நான் எழுதணுமா?

சென்னப்பன்: இப்பத் தெரியுதா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்திரிக்கறா. ராத்திரியும். சம்பளம் இல்ல, லீவு இல்ல. அவ படிச்ச படிப்பு பூரா ஒரு கிழவன் முதுகுக்குப் போய்ச் சேருது. அந்தப் பக்கம் ஓசூர்ல எவனெவனோ புண்ணு வச்சுட்டுக் கிடக்கறான். எனக்கு அது... சரியாப் படல.

தஸ்லிம்: அதனாலதான் போன் பண்ணீங்களா?

சென்னப்பன்: ஆமா. "விருப்பம் இல்லைங்க"ன்னு அவ சொல்லிட்டுச் சமையலறையில போய் நின்னா. ரொம்ப நேரம் பாத்திரம் சத்தமே வரல. நான் எல்லாத்தையும் இங்கருந்து காதாலதானே பார்க்கறேன்.

தஸ்லிம்: அதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே. "போம்மா"ன்னு ஒரு வார்த்தை.

சென்னப்பன்: சொன்னா போவாளா? "சும்மா இருங்க மாமா"ன்னு கஞ்சிய ஊட்டிவிட்டுடுவா. நானும் வேலைக்கு விடமாட்டேன்னு ஊரறியச் சொன்னவன். இன்னைக்கு நானே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போன்னு சொல்றது? சர்க்காரு கட்டாயம்னு சொன்னா ரெண்டு பேருக்கும் மரியாதையா முடியும்னு பார்த்தேன். நீ என்னடான்னா விருப்பம், விருப்பம்ங்கற.

தஸ்லிம்: அவங்க போயிட்டா உங்கள யாரு பார்த்துக்குவாங்க?

சென்னப்பன்: முனிவேல்னு ஒருத்தன். நம்ம ரோஜா ஷெட்டுல ரொம்ப வருஷமா வேலை. நல்ல தோளு. போன வாரம் இவ குளிக்கப் போன நேரம் பார்த்துப் போன்ல சொல்லிட்டேன். பகல்ல வந்து பார்த்துக்கறேன்னுட்டான். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான்.

தஸ்லிம்: ஊருக்குத் தெரிஞ்சுடுமே ஐயா.

சென்னப்பன்: தெரியத்தான் செய்யும். தெரியட்டும். வந்து பார்த்துட்டு உச்சுக் கொட்டிட்டுப் போகட்டும். ஒரு மாசம் கொட்டுவானுங்களா? அப்புறம் வாய் வலிக்கும்ல... வாசல் கேட்டுச் சத்தம். வந்துட்டா. இங்க பாரு, கேட்டா கட்டாயம்னு சொல்லு.

தஸ்லிம்: பொய் சொல்லச் சொல்றீங்களா?

சென்னப்பன்: உத்தரவுதான். நான் போடறேன், நீ வாயால சொல்லு. அவ்வளவுதான்.

ஜெயப்ரியா: மாமா, லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க... யாருங்க இது?

சென்னப்பன்: சர்க்கார் ஆளு. நர்ஸ் கணக்கு. என்னமோ உத்தரவாம். நீ ஓசூர் ஆஸ்பத்திரியில போய்ச் சேரணுமாம். கட்டாயமாம். நான் எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தேன்.

ஜெயப்ரியா: கட்டாயமா?

தஸ்லிம்: ஆ... ஆமாங்க அக்கா. கட்டாயம்... மாதிரிதான்.

சென்னப்பன்: மாதிரி என்ன மாதிரி? கட்டாயம். ஐயா ரொம்ப வாதாடினாருன்னு சொல்லும்மா.

தஸ்லிம்: வாதாடினாருங்க. போலீசு வரைக்கும் கேட்டாரு.

ஜெயப்ரியா: மாமா, நீங்க வலது பக்கமா ஒருக்களிச்சிருக்கீங்க. நான் நேராத்தானே படுக்க வச்சுட்டுப் போனேன். யாரு திருப்பினது?

சென்னப்பன்: இந்தப் பொண்ணு.

ஜெயப்ரியா: நீங்க விட்டீங்களா?

சென்னப்பன்: சர்க்காரத் தடுக்க முடியுமா? நீ எங்கூட வாதாடாத. புடவையெல்லாம் என்ன அது, வெள்ளையா? தலையில வேற. மருந்துக் கடையில மாவரைக்கச் சொன்னாங்களா?

ஜெயப்ரியா: உரம் மாமா. மருந்துக் கடைக்கு நான் போகல. நீங்க போன்ல பேசின அன்னைக்குச் சாயங்காலமே முனிவேலண்ணன் எங்கிட்ட வந்து அழுதுட்டாரு... இந்த வாரம் பூரா ரோஜா ஷெட்டுல உர மூட்டையப் படுக்க வச்சு, வலிக்காம எப்படித் திருப்பறதுன்னு அவருக்குப் பழக்கிட்டு இருக்கேன். இன்னைக்குத்தான் மூட்டைய முனகவிடாம திருப்பினாரு. நாளைக்கு உங்ககிட்ட வரச் சொல்லியிருக்கேன், விருப்பம்னே எழுதிக்கச் சொல்லுங்க.