இருபது கேஜ்தான் அவளுக்குச் சரி

இருபது கேஜ் துப்பாக்கிக்கு இந்த ஊரில் மரியாதை கிடையாது, ஷெரிஃப். அதில் எனக்கு எப்போதுமே ஒரு வருத்தம் உண்டு.

பத்தொன்பது வருடமாகக் கடையின் துப்பாக்கிப் பகுதியில் நிற்கிறேன். பெல் ஃபோர்க்கில் எந்த வீட்டில் எந்தத் துப்பாக்கி எந்த அலமாரிக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டுக் காவலுக்கு என்று வருகிறவர்கள் அத்தனை பேரும் பன்னிரண்டு கேஜைத்தான் கேட்பார்கள். எண் குறையக் குறையக் குழலின் வாய் பெரிதாகும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் வாய் பெரிதாக இருந்தால் போதும் என்பது எல்லோருடைய கட்சியும். ஓட்டுப் போடும்போதும் அப்படித்தான் போடுகிறார்கள்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். ஆபத்து வருகிற நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? கரடி மாதிரி ஒருவன் வந்து பன்னிரண்டு கேஜைத் தோளில் போட்டுக்கொண்டு போவான். அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு அதைத் தூக்கவேண்டியவள் ஐந்தடி இரண்டங்குல மனைவி. அவள் தோளில் அது கழுதை மாதிரி உதைக்கும். ஒரு தடவை உதை வாங்கியவள் அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டுதான் விசையை இழுப்பாள். கண்ணை மூடிச் சுடுகிறவளிடம் பீரங்கியே இருந்தும் என்ன பிரயோஜனம்?

ராய்ஸ் டேக்கட்டிடமும் இதைத்தான் சொன்னேன்.

இறந்தவனைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். குறை சொல்லவில்லை, அளவு சொல்கிறேன். காப்பீட்டு முகவர், திருச்சபை மூப்பர், பள்ளிக்கூட நிர்வாகக் குழுவின் தலைவர். தும்மினால்கூட ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிவிட்ட தோரணையில்தான் தும்முவான். ஏப்ரல் மாதம், அவன் வீட்டு வேலியோரம் யாரோ நடமாடுவதாகப் பேச்சு கிளம்பிய மறுவாரம், கடைக்கு வந்து மேஜையைத் தட்டினான்.

"ஏம்ப்பா மெர்ல், நல்லதா ஒரு பன்னிரண்டு கேஜ் எடு. மத்ததெல்லாம் கொசு அடிக்கிற மட்டை."

"நீ இல்லாத நேரம் வீட்ல தனியா இருக்கறது உன் சம்சாரம் ட்வைலாதானே? அவங்களுக்கு இருபதுதான் சரியா வரும், ராய்ஸ்."

"அவ எங்கே சுடப்போறா? கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு, தோட்டா ஏத்தற பிடியை ஒருதரம் சரக் சரக்குனு இழுத்தாப் போதும். வந்தவன் அடுத்த மாவட்டத்துல போய்த்தான் மூச்சு விடுவான்."

"சத்தத்துலயே விரட்டறதுன்னா உனக்குத் துப்பாக்கியே வேண்டாமே. நீ ஜன்னலைத் திறந்து ரெண்டு நிமிஷம் பேசினாப் போதாதா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராய்ஸும் சிரித்தான், கடைசியாக. பன்னிரண்டு கேஜையே வாங்கிப் போனான். ஜல்லிக் குழியில் ட்வைலா அதை இரண்டு முறை சுட்டுப் பார்த்தாள். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் ஒரு வாரம் தட்டைத் தூக்க முடியாமல் தோள் நீலம் பூத்துக் கிடந்தது. "பழகிப் போயிடும்" என்றானாம் கணவன். மே மாதம் அவளே அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். இருபது கேஜ் ஒன்றை எடுத்து, தோளில் பதிகிற கட்டையை ஓர் அங்குலம் அறுத்து, ரப்பர் வைத்து, அவள் கைக்கென்றே நான் செய்து கொடுத்தேன். முழங்கை மடிப்பிலிருந்து விரல் நுனிவரை அளவெடுக்க வேண்டும். அளவெடுக்கும்போது அவள் அக்கா நெடீன் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். அக்காமார்களுக்கு எதையும் கிட்டே நின்று பார்க்கிற பழக்கம்.

இருபதுதான் அவளுக்குச் சரி என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். அதற்கு முந்தைய நவம்பர், தீயணைப்பு நிலையத்தில் வான்கோழிச் சுடுபோட்டி. பெயர்தான் வான்கோழி. சுடுவது நடுவில் சிலுவைக் குறி போட்ட ஓர் அட்டையை. எவர் தோட்டாவிலிருந்து சிதறும் குண்டு நடுச்சிலுவைக்கு அருகில் விழுகிறதோ அவருக்கு ஐஸில் உறைந்த ஒரு வான்கோழி. ஊரே குடும்பத்தோடு வரும், பிள்ளைகள் சுடுவார்கள், கிழவிகள் சுடுவார்கள். அன்று ட்வைலாவிடம் துப்பாக்கி இல்லை. என்னுடைய பழைய இருபது கேஜைக் கொடுத்தேன். சிலுவையின் குறுக்குக்கோட்டிலேயே ஒரு குண்டை நட்டாள். ராய்ஸின் அட்டையில் சிலுவை மட்டும் பத்திரமாக இருந்தது.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்று ராய்ஸ் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தான்.

ட்வைலா துப்பாக்கியை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப நன்றி, மிஸ்டர் ஹாக்கட்" என்றாள். சாதாரண வார்த்தைதான். சொன்ன விதத்தை எழுதிக் காட்ட முடியாது. பதினோரு மாதமாக அதை நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட ஒருத்திக்குச் சொந்தமாக ஒரு துப்பாக்கி இல்லாதது நியாயமாக எனக்குப் படவில்லை. ராய்ஸ் தானாக வாங்கித் தருகிற ஆள் இல்லை. ஒரு வீட்டுக்குக் காவல் வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். வேலியோரம் பதிந்த பூட்ஸ் தடம் பதினொன்றாம் அளவு என்று உங்கள் ஆள் குறித்துக்கொண்டு போனார். சரியாகத்தான் குறித்தார். என் கால் ஒன்பது. கம்பளிக் காலுறை மூன்று ஜோடி போட்டுக்கொண்டால் பதினொன்று தாராளமாகப் பொருந்தும். கொட்டகைக் கதவைத் திறந்து போட்டதும் நான்தான். காணாமல் போன அவர்கள் நாயை நான் ஒன்றும் செய்யவில்லை. நாற்பது மைல் தள்ளி, பிள்ளைகள் இருக்கிற ஒரு பண்ணை வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். கொடூரம் எனக்குப் பிடிக்காது.

ஜூன் முதல் வியாழக்கிழமைதோறும் பாடம். தீயணைப்பு நிலையத்தின் பின்பக்க மைதானம், நடுவில் ஒரு நீள மேஜை. ட்வைலா எப்போதும் மேஜைக்கு அந்தப் பக்கம்தான் நிற்பாள். துப்பாக்கி இருக்கிற இடத்தில் இடைவெளி விடத் தெரிந்தவள். நெடீன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருப்பாள். தோட்டாவை எப்போதும் நிரப்பியே வை என்று சொல்லிக் கொடுத்தேன். நெஞ்சைக் குறி வை, காலைக் குறி வைக்காதே என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் விட முக்கியமாக, குரல்.

"நம்ம வீட்டு ஆளுன்னா வாசல்லயே குரல் குடுத்துட்டுத்தான் உள்ள வரணும். ராய்ஸ் கிட்ட இதைக் கட்டாயமாச் சொல்லிடுங்க. குரல் குடுக்காம வர்றவன் நம்ம ஆளு இல்ல. அவன்கிட்டே யாருன்னு விசாரிச்சுட்டு நிக்கக்கூடாது."

அவள் தோட்டாப் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்லாத் தெரிஞ்ச குரலே தப்பான ஆளோடதா இருந்தா, மிஸ்டர் ஹாக்கட்?"

நெடீனின் ஊசி நின்றது. நல்ல கேள்வி என்று பாராட்டினேன். இத்தனை வருடத்தில் எந்த மாணவரும் அவ்வளவு தூரம் யோசித்ததில்லை.

அக்டோபர் முதல் வாரம் ராய்ஸ் மறுபடி கடைக்கு வந்தான். அவன் வந்தது என் திட்டமில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"நாலு மாசமாச் சொல்லிக் குடுக்கறியே, நிஜமா ஒருத்தன் உள்ள வந்தா என்ன பண்ணுவா? மயக்கம் போட்டு விழுவா. எழுதித் தரவா?"

"சோதிச்சுப் பாரேன்" என்றேன்.

அவனுக்குச் சோதனை என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் தீ ஒத்திகை நடத்தும்போது விநாடி எண்ணும் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்பானே, பார்த்திருப்பீர்கள். முன்னாலேயே சொல்லிவிட்டு நடத்துகிற சோதனை சோதனையே அல்ல என்றேன். செவ்வாய்க்கிழமை ஸ்ப்ரிங்ஃபீல்டில் கூட்டம் என்று ட்வைலாவிடம் சொல்லிவிட்டு, வண்டியை மரத்தடியில் நிறுத்தி, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, நான்கு மணிக்குப் பின்கதவு வழியாக வா, குரல் கொடுக்காதே என்று வழியும் சொல்லிக் கொடுத்தேன்.

அவனும் முழு முட்டாள் இல்லை. "துப்பாக்கி?" என்று கேட்டான்.

"அதுல போலித் தோட்டாதான் இருக்கு. போன வியாழக்கிழமை பழகறதுக்காக நானே மாத்தினேன்."

நான் எதையும் மாற்றவில்லை, ஷெரிஃப். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவள் துப்பாக்கியை நான் தொடவே இல்லை. ஒரு வாக்கியம் சொன்னேன், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு ட்வைலாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு இன்னொரு வாக்கியம் சொன்னேன். உங்கள் கொட்டகைப் பக்கம் அந்த ஆளை மறுபடி பார்த்தேன், பத்திரம் என்று. கதவைத் திறந்தவன் ராய்ஸ். குரல் கொடுக்காதவன் ராய்ஸ். கடிகாரத்தை அழுத்தியவனும் அவனே. ஏழு விநாடியில் அது நின்றிருந்ததாக உங்கள் அறிக்கையில் இருக்கிறது. மயக்கம் போட்டு விழுவாள் என்றவனுக்கு அது பதில். நான் பெருமைப்படவில்லை. ஆனால் பன்னிரண்டு கேஜ் என்றால் அவள் கண்ணை மூடியிருப்பாள்.

நான் இங்கே வந்திருக்கவே வேண்டியதில்லை. யாரும் என்னைத் தேடவில்லை. ஆனால் நீங்கள் அவளை ஒன்பது நாளாகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே புருஷனைச் சுட்டாள் என்று அரசு வழக்கறிஞர் சொல்கிறார். சிலுவையில் குண்டை நடத் தெரிந்தவளுக்கு ஆறடிப் புருஷனை அடையாளம் தெரியாதா என்று சலூனில் கேட்கிறார்கள். இப்படியே போனால் அவள் ஆயுள் முழுக்க உள்ளே இருப்பாள். நான் செய்ததெல்லாம் அவள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காக. அவளை விடுங்கள். யார் இதைச் செய்தது, யாருக்காகச் செய்தது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். எவ்வளவு வருடமானாலும் அவள் சிறைக்கு வந்து என்னைப் பார்ப்பாள்.

அப்போதுதான் நீங்கள் அந்தக் கோப்பைத் திறந்தீர்கள்.

"மெர்ல், அவ முதல் நாளே எழுதிக் குடுத்தது இது. இதுவரைக்கும் எங்கள்ல யாரும் நம்பல. வாசிக்கிறேன், கேட்டுக்கோ. 'வேலியோரம் நிக்கறது மிஸ்டர் ஹாக்கட்னு எனக்கு ஏப்ரல் மாசமே தெரியும். அந்த நடையைத் தெரியாதா? ராய்ஸ் கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சாரு. பயமா இருந்தா அவன்கிட்டயே போய்ச் சுடக் கத்துக்கோன்னாரு. மிஸ்டர் ஹாக்கட்டைக் கண்காணிக்கத்தான் வாராவாரம் பாடத்துக்குப் போனேன், அக்காவையும் கூட்டிக்கிட்டு. அன்னிக்கு அவர் ஃபோன் வந்ததும், அவரே வரப்போறாருன்னு தெரிஞ்சுபோச்சு. பின்கதவு சத்தமில்லாமத் திறந்தப்ப, வந்தது மிஸ்டர் ஹாக்கட்னு நினைச்சுத்தான் சுட்டேன்.'"

கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தீர்கள்.

பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கதவு திறந்த அந்த நொடியில் அவள் மனதில் புருஷன் இல்லை, ஷெரிஃப். நான்தான் இருந்திருக்கிறேன்.