அம்மா குளிக்கிறாங்க

— மெதுவாப் பேசுங்க. உள் ரூம்லதான் படிச்சிட்டிருக்கா, காதுல விழும்.

— நான் என்னத்தக் கத்திட்டேன்? வெங்கட்ராமன் மத்தியானம் வந்தாரா, நம்ம பொண்ணு கதவத் தொறந்தாளா, அத மட்டுந்தான கேக்கேன்.

— எனக்கு எப்படித் தெரியும்? நானும் இப்பதான ஆபீஸ்லேர்ந்து வந்தேன். அவரு உங்க ஆபீஸ் ஆளு. நீங்கதான் கேட்டிருக்கணும்.

— அவரு அடுத்த பில்டிங்லல்லா இருக்காரு. மூணு மணிக்கு மேல போன் போட்டுப் பாத்தேன், சீட்டுல ஆளில்லன்னாங்க. சீட்டுல இல்லன்னா இங்க வந்திருக்காருன்னுதான அர்த்தம்?

— எனக்கு இந்த ஐடியாவே பிடிக்கல. பத்து வயசுப் பொண்ணுக்குப் பரீட்சை வைக்கணும்னு முன்பின் தெரியாத ஆள வீட்டுக்கு அனுப்புவாங்களா?

— தெரியாத ஆளுதான்ட்டி வேணும். தெரிஞ்ச ஆளு வந்தா எந்தப் பிள்ளையும் தொறக்கும். அவரு மதுரையிலேர்ந்து மாத்தலாகி இப்பதான் வந்திருக்காரு, கனி அவரப் பாத்ததே கெடையாது. 'அப்பா ஒரு பைல் எடுத்துட்டு வரச் சொன்னாரு, கதவத் தொற பாப்பா'ன்னு தமிழ்ல சொல்லும்னு சொல்லி அனுப்பியிருக்கேன். தொறந்துட்டான்னா வேற பேச்சே கெடையாது, பாளையங்கோட்டை ஹாஸ்டல்தான்.

— ஹாஸ்டலாம் ஹாஸ்டல்! நான் இதே டெல்லியில நேதாஜி நகர்ல வளந்தவ. எட்டு வயசுல சாவியக் கழுத்துல மாட்டிக்கிட்டுதான் ஸ்கூலுக்குப் போனேன். எங்கப்பா எனக்கு ஒரு டெஸ்ட்டும் வைக்கல.

— அந்த டெல்லி வேற, இந்த டெல்லி வேற. பேப்பர் படிக்கியா இல்லியா நீ? இத்தன நாளு கீழ்வீட்டுல பவுனு அக்கா இருந்தாங்க. கனி ஸ்கூல் விட்டு வந்தா அங்க சாப்பிட்டு, நாம வர்ற வரைக்கும் அங்கயே கெடப்பா. இப்ப அவங்க வீட்டுக்காரருக்கு ஆவடிக்கு மாத்தலாயிட்டு, நேத்து லாரியும் கெளம்பிட்டு. இனிமே நமக்குன்னு இங்க யாரு இருக்கா, சொல்லு.

— கனி இருக்கா.

— நீ ஈஸியாச் சொல்லிருவ. எங்கக்கா அங்க எடம் சொல்லி வச்சிட்டுக் காத்திட்டிருக்கா. இன்னைக்கே ஆமாவா இல்லையான்னு சொல்லியாகணும்.

— சொல்லிடலாம். முதல்ல அவளக் கேளுங்க. கனீ! இங்க வா கண்ணு.

— ஹோம்வொர்க் பண்ணிட்டிருக்கேன்ல மம்மி. எதுக்குக் கூப்பிட்டீங்க, க்யா ஹுவா?

— ஏட்டி, அப்பா முன்னாடி தமிழ்ல பேசு. இன்னைக்கு மத்தியானம் தனியா இருந்தியே, யாரும் வந்தாங்களா?

— இல்லப்பா. யாரும் வரல.

— யாருமே வரலியா? பெல் அடிக்கலியா?

— நஹீ. மத்லப், இல்ல.

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— யாரும் வரலப்பா.

— பாத்தியா லீலா? தரையப் பாத்துட்டே சொல்லுதா. தொறந்திருக்கா, அதான் மறைக்கா. நான் அக்காவுக்குப் போன் போடப் போறேன்.

— கொஞ்சம் உக்காருங்க. கனி, அம்மா திட்ட மாட்டேன். ஒரு அங்கிள் வந்தாரா இல்லியா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அத விடு. வந்தாரா?

— வந்தாரு. ஆனா நான் தொறக்கல. காட் ப்ராமிஸ் மம்மி, தொறக்கவே இல்ல.

— அச்சா. மொதல்லேர்ந்து சொல்லு. ஜல்தி வேணாம், நிதானமாச் சொல்லு.

— பெல் அடிச்சாரு. நான் உள்ளேர்ந்தே 'கோன்?'னு, யாருன்னு கேட்டேன். அவரு தமிழ்ல பேசுனாரு. 'பாப்பா, இது நல்லசிவம் சார் வீடுதான? நான் உங்கப்பா ஆபீஸ்லேர்ந்து வர்றேன், கதவத் தொற'ன்னாரு.

— எம் பேரச் சரியாச் சொன்னாருல்லா? பெறவு ஏன் தொறக்கல?

— பேரு வெளியில போர்டுலயே இருக்கேப்பா. நீங்கதான தமிழ்ல எழுதி மாட்டினீங்க. படிக்கத் தெரிஞ்ச யாரும் சொல்லலாம்.

— கேட்டுக்கோங்க நல்லசிவம் சார். இந்தப் பக்கம் போற தமிழ்க்காரங்க உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போகட்டும்னு நீங்க ஆசையா மாட்டின போர்டு!

— இருக்கட்டும்ட்டி. ஐ.என்.ஏ. மார்க்கெட்ல ஒரு தமிழ்க் குரல் கேட்டா எனக்குக் கால் தன்னால நின்னுரும். அது என் கொணம், மாத்த முடியாது. நீ சொல்லு தாயி, அப்புறம்?

— அப்புறம் அவரு சொன்னாரு, உங்களுக்கு நெஞ்சுவலின்னு.

— எனக்கா?

— ஆமா. 'அப்பா ஆபீஸ்ல மயங்கி விழுந்துட்டாரு, சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில சேத்திருக்கு, ஒன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, கீழ ஆட்டோ நிக்குது'ன்னு சொன்னாரு.

— ஐயோ! என்னங்க இது? குழந்தைகிட்ட சொல்ற பேச்சா இது?

— சத்தியமா நான் சொல்லச் சொல்லல லீலா! பைலுன்னுதான் சொன்னேன். காலேஜ்ல நாடகமெல்லாம் போட்டவருன்னு பீத்திக்கிடுவாரு. சொந்தமாக் கொஞ்சம் சேத்துக்கிட்டாரு போலிருக்கு.

— யாரு சேத்துக்கிட்டாங்க? என்ன பைல்?

— பெறவு சொல்லுதேன். நீ என்ன செஞ்ச?

— எனக்கு ஏக்தம் பயமாயிடுச்சுப்பா. கை தாழ்ப்பாள் மேல போயிடுச்சு.

— போச்சு.

— போகல. கை வச்சிட்டுதான் யோசிச்சேன். உங்களுக்கு ஒண்ணுன்னா சோப்ரா அங்கிள்தான வருவாரு? உங்க பக்கத்து சீட், ஸ்கூட்டர் வேற வச்சிருக்காரு, என்னையும் தெரியும். அவர விட்டுட்டு எனக்குத் தெரியாத ஆள எதுக்கு அனுப்புவாங்க? அதான் 'அம்மா குளிக்கிறாங்க, வெயிட் பண்ணுங்க'ன்னு சொல்லிட்டேன்.

— எந்த அம்மா? நான் ஆபீஸ்ல இருந்தேன்!

— அது அவருக்குத் தெரியாதுல்ல மம்மி. அவரு நம்பலன்னா? அதனால பாத்ரூம் கதவ நல்லாத் தொறந்து வச்சிட்டு, காலையில நீங்க பக்கெட்ல பிடிச்சு வச்ச தண்ணிய மக்ல எடுத்து எடுத்துத் தரையில ஊத்துனேன். ஸோர் ஸே, நல்லாச் சத்தம் வர்ற மாதிரி. பூரா பக்கெட்டும் காலி.

— அதான் வந்ததும் மொகம் கழுவப் பொட்டுத் தண்ணி இல்லாம இருந்துச்சா!

— நடுவுல வெளிய வந்து, 'அம்மா, டவல் இந்தாங்க! அம்மா, அப்பாவுக்கு நெஞ்சுவலியாம், சோப்பு போதும், சீக்கிரம் வாங்க!'ன்னு கத்துனேன்.

— எதுல கத்துன? ஹிந்தியிலயா?

— தமிழ்லதான். அவருக்குப் புரியணும்ல.

— கேட்டியா லீலா! வீட்டுல தமிழ்ல பேசு, தமிழ்ல பேசுன்னு எத்தன வருஷமாத் தொண்டத் தண்ணி வத்திக் கெடக்கேன். இன்னைக்குப் பேசியிருக்கா பாரு! சரி, அவரு என்ன செஞ்சாரு?

— அப்புறம் 'அம்மா மெதுவா வரட்டும் பாப்பா'ன்னுட்டுப் படபடன்னு படியெறங்கிப் போயிட்டாரு. ஓடுனாருன்னு நெனைக்கிறேன்.

— ஓடுனாரா! ஐயோ, எனக்குச் சிரிப்பு தாங்கலியே. அந்தத் தொந்தியத் தூக்கிக்கிட்டு நம்ம மாடிப்படியில... சோப்பு நொரையோட நீ வந்து நின்னுருவன்னு பயந்துட்டாரு லீலா!

— சிரிக்காதீங்க. கனி, இவ்வளவு கெட்டிக்காரத்தனமா இருந்துட்டு, அப்புறம் ஏன்டி யாரும் வரலன்னு பொய் சொன்ன?

— சொன்னா அப்பா பாளையங்கோட்டைக்கு அனுப்பிடுவாங்க.

— நல்லது செஞ்சதுக்கு ஏன் அனுப்பப் போறேன்?

— அவரு போனதும் உங்க ஆபீஸுக்குப் போன் போட்டேன்பா. எங்கேஜ்டு. மறுபடியும் போட்டேன், எங்கேஜ்டு. போட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில நீங்க எடுத்து 'ஹலோ'ன்னீங்க. வச்சிட்டேன்.

— அது நீயா? ஏட்டி, அது நீயா? எந்தப் பயலோ வெளையாடுதான்னு ரிசீவரப் பிடிச்சிட்டு வஞ்சேனே!

— நான் கேக்கல, வச்சிட்டேன்ல.

— ஏன் தாயி வச்ச? ஒரு வார்த்த பேசக் கூடாதா?

— உங்க குரல் கேட்டதும் உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுபோச்சு. பேசுனா அழுதுடுவேன். அழுதா, சின்னப் பொண்ணு பயப்படுதா, தனியா இருக்க மாட்டான்னு சொல்லி ஹாஸ்டல்ல போட்டுடுவீங்க. அதான் வச்சிட்டு அழுதேன். கொஞ்சம்தான். அப்புறம் பாத்ரூமத் தொடச்சிட்டு மேத்ஸ் போட்டேன்.

— என்னங்க. என்னங்க, கண்ணத் தொடச்சுக்கோங்க, அவ பாக்குறா.

— பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். எனக்கு என்ன வெக்கம்? எம் பொண்ணு லீலா இவ! நான் அந்த எடத்துல இருந்தா தமிழ்க் குரலக் கேட்ட ஒடனே கதவ அகலத் தொறந்து, உக்காருங்க, காபியா டீயான்னு கேட்டிருப்பேன். இவளுக்கு எம்புட்டு நெஞ்சுரம்!

— அத நான் முதல்லேர்ந்தே சொல்லிட்டிருக்கேன்.

— சொன்ன, சொன்ன. நான்தான் கேக்கல. கனி, இங்க வந்து எம் மடியில உக்காரு. வளந்துட்டா என்ன, உக்காரு. அப்பா ஒண்ணு சொல்லணும், கோவப்படக் கூடாது. வந்தது வெங்கட்ராமன் அங்கிள். அப்பாவோட சிநேகிதரு. நீ தொறக்கியா இல்லியான்னு பாக்கதுக்கு நான்தான் அனுப்பி வச்சேன்.

— டெஸ்ட்டா? எனக்கு டெஸ்ட் வச்சீங்களா? உங்களுக்கு நெஞ்சுவலின்னு சொல்லியா?

— அது அவரு சேத்துக்கிட்டது. இருந்தாலும் அனுப்புனது நான்தான, அப்பா செஞ்சது தப்பு. ஒன்ன நம்பியிருக்கணும்.

— திஸ் இஸ் நாட் ஃபேர்பா. நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா?

— தெரியுது கண்ணு. அப்பாவ நல்லாத் திட்டு, நானும் உன்கூடச் சேந்து திட்டுறேன்.

— சரி, நான் பாஸா ஃபெயிலா?

— பாஸா? இந்தக் கிட்வாய் நகர்லயே நீதான்ட்டி ஃபர்ஸ்ட். ஹாஸ்டல் பேச்சு இதோட முடிஞ்சுது. எங்கக்காகிட்ட சொல்லிருவேன், எம் பொண்ணு டெல்லியில எங்க வீட்டச் சாவி வச்சு ஆளுதான்னு. இன்னைக்கு மட்டும்னு குடுத்த சாவி, நாளையிலேர்ந்து என்னைக்கும் ஒன் கையிலதான்.

— நிஜமா? மம்மி, அப்பா நிஜமாச் சொல்றாங்களா?

— நிஜமாத்தான். உங்கப்பா மனசு மாறுறதுக்குள்ள சாவிய வாங்கி வச்சுக்கோ.

— அப்ப பாவம் அந்த அங்கிள். படியில விழுந்துட்டாரோ என்னவோ. அவருக்கு ஸாரி சொல்லணும்பா.

— ஞாயித்துக்கிழம சாப்பிடக் கூப்பிடுவோம். ஒன் கையால அவருக்குப் பாயாசம் ஊத்து, சரியாப் போயிரும்.

— அப்பா, போன் அடிக்குது.

— அவராத்தான் இருக்கும். ஒம்மேல கம்ப்ளெயிண்ட் குடுக்கப் போறாரு பாரு. ஹலோ... ஆமா, நல்லசிவந்தான். வாரும் வே, ஒமக்குத்தான் காத்திட்டிருக்கோம்! எம் பொண்ணு ஒம்ம எப்படி ஓட விட்டா பாத்தீரா? கூச்சப்படாமச் சொல்லும்... என்னது? எதுக்கு மன்னிப்பு?... மீட்டிங்கா? எப்போ?... சாப்பாட்டுக்குப் பெறவு பூராவுமா?

— என்னங்க? என்ன சொல்றாரு?

— ...இல்ல வெங்கட்ராமன். நாளைக்கும் வர வேண்டாம். இல்ல, கோவம் ஒண்ணுமில்ல. வச்சிருதேன்.

— ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? பிள்ளைய ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? சொல்லுங்க, என்னாச்சு?

— லீலா, வெங்கட்ராமன் இன்னைக்கு ஆபீஸ் வாசப்படியே தாண்டலியாம்.