ஒன்றரையிலிருந்து இரண்டு வரை

மேடவாக்கத்தில் வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தண்ணீர் லாரிகளின் ஹாரனைத்தான் முடியாது. உட்காரம்மா. இன்ஸ்பெக்டர் என்றாலும் உனக்கு என் பெண் வயதுதான். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்கார்.

நான் பாலாம்பாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் ஆபரேட்டர். லைன் போட்டுக் கொடுப்போம், பேச்சு காதில் விழும், நாங்கள் வாய் திறக்க மாட்டோம். ரிடையர் ஆனபின் அந்தக் காது சும்மா இருக்குமா? ஒரு ரேடியோ ஸ்கேனர் வாங்கினேன். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கள் வாக்கிடாக்கியில் பேசுவதெல்லாம் அதில் கேட்கும். எத்தனை மணிக்குப் பேசினார்கள், எத்தனை விநாடி பேசினார்கள் என்று அதுவே குறித்துக்கொள்ளும்.

சிறுசேரியில் வேலை பார்க்கும் என் பெண் சின்மயி, அந்தக் குறிப்புகளைப் படமாக்கக் கற்றுக்கொடுத்தாள். நாளுக்கு ஒரு வரிசை, குறுக்கே இருபத்துநாலு மணி நேரம், பேச்சு இருந்த இடத்தில் கறுப்புக் கோடு. மூன்று மாதம் சேர்ந்ததும், நடுவே ஒரு வெள்ளைப் பட்டை மேலிருந்து கீழே ஓடுவது தெரிந்தது. தினமும் மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டு.

அது என்னவென்று எனக்குத் தெரியும். வாக்கிடாக்கிகளைச் சார்ஜில் போட்டுவிட்டு அவர்கள் சாப்பிடும் நேரம். பின் கேட் சாலமோன் என் பால்கனிக்கு நேர் கீழேதான் டப்பாவைத் திறப்பான். கருவாட்டுக் குழம்பு. விரலை நக்கும் சத்தம் மூன்றாவது மாடிவரை வரும். எனக்குச் சோறு இறங்காது. ஊதுவத்தி ஏற்றினால் அதையும் மீறிக்கொண்டு அந்த வாடை ஏறி வரும். எட்டிப் பார்த்தால், "இன்னா மாமி, சாப்ட்டாச்சா?" என்று அந்தக் கையையே ஆட்டுவான்.

படத்தை அசோசியேஷன் செகரட்டரி ராஜாராமனிடம் காட்டினேன்.

"சாப்பாட்டு நேரமா இருக்கும் மாமி," என்றார்.

"பின்கேட்காரன் தூங்கறான். நானே பார்த்தேன்."

பொய்தான். சின்னப் பொய்.

கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. உறிஞ்சுகிற லாரி இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். ராஜாராமன் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இருக்கற நேரத்துல அவனையே இறங்கிப் பார்க்கச் சொல்லட்டுமா?"

ஆளை இறக்கக் கூடாதென்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். "பேஷாச் சொல்லுங்கோ," என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்று முப்பத்தாறுக்கு வெள்ளைக்குள் முதல் கோடு விழுந்தது. சாலமோன் தன் வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். மேலே நிற்பதாகச் சொன்ன ராஜாராமன் நாற்றம் தாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டாராம். முன் கேட் வாட்ச்மேன் ஜாய்சனுடையது சார்ஜில் கிடந்தது. கேட்டது நான் ஒருத்திதான்.

"ஜாய்சன் அண்ணே, கண்ணு எரியுது. மேல வந்து நில்லு."

"அண்ணே, ஏணி கைல சிக்கல."

"யார்னா கீறீங்களா?"

கெஞ்சும்போது குரலில்கூட ஒரு பிசுபிசுப்பு வந்துவிடுகிறது. மொத்தம் பதினோரு கோடு. கடைசியது ஒன்பது விநாடி. அதில் வார்த்தை இல்லை, தொண்டைக்குள் சேறு புரளும் சத்தம் மட்டும். அருவருப்பாக இருந்தது. ஒலியைக் குறைத்தேன்.

இன்டர்காம் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருந்தது என்கிறாய். இருந்தது. அடுத்தவர் பேச்சில் குறுக்கிடுவது எங்கள் தொழிலில் இல்லையம்மா. அந்த ஒரு ஒழுக்கத்தை நான் விட்டதே இல்லை.

ஆனால் கல்லாக உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதே. ஒன்று நாற்பத்தொன்றுக்கு நானே சின்மயிக்கு ஃபோன் செய்தேன், வெள்ளைக்குள் விழும் கோடுகளை மட்டும் சிவப்பாக்குவது எப்படி என்று கேட்க. அப்போது ஆறாவதுதான் விழுந்திருந்தது.