நடுறோட்டுப் பானை

— அக்கா, நான் சொல்றதைக் கேளன். இந்த அடுப்பைத் தூக்கி றோட்டுக்கரையில வை. எங்க வச்சுப் பொங்கினாலும் முத்துமாரி அம்மாளுக்குத்தானே.

— மினிஸ்டர் ஐயா சொல்லிப்போட்டார், பொம்பிளையள், கேட்டியளோ? நேர்த்திக்கடன் பானையில தண்ணி வச்சாப்பிறகு அடுப்பை அசைக்கிறதோ? அம்மாளின்ட கோவத்தை ஆர் வாங்கிறது, நீயோ நானோ?

— தம்பியை மினிஸ்டர் ஐயா எண்டு நக்கலடிக்காதை. சல்லிக் கடற்கரைக்குப் போற றோட்டு முழுக்கப் பானை. அடிக்கல் நாட்ட ஆக்கள் வாற நாளாப் பாத்துத்தான் உங்களுக்கு நேர்த்தி வந்ததாக்கும்? என்ட காதிலயே பூச் சுத்திறாய்.

— ஓம், நேர்த்திதான். எங்கட கரை எங்களுக்கே இருக்கோணும் எண்டு நேர்த்தி. 

— கரையை ஆரும் தூக்கிக்கொண்டு போகேல்ல. ஹொட்டல் ஒண்டு வருது. பெடியளுக்கு வேலை வரும்.

— வேலை! கரைவலை இழுக்கிற பெடியனுக்கு வெள்ளைக்காரன்ட துவாய் மடிக்கிற வேலை. வலையை எங்க இழுக்கிறது, கனகு? அவங்கட நீச்சல் குளத்துக்குள்ளயோ?

— வேற கரை தருவம்.

— ஒரு பக்கம் கம்பி வேலி. மற்றப் பக்கம் நிலாவெளிக்காரர் வலை இழுக்கிற இடம். வேற கரையை நீ கொழும்பில இருந்து லொறியில ஏத்திக்கொண்டு வருவியோ?

— மெதுவாக் கதை. பெடியள் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள்.

— நிக்கட்டும். உன்ட கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நான் தொண்டை கிழியக் கத்தேக்க மெதுவாக் கதை எண்டு சொன்னனியோ? நீ பிரதேச சபைக்குக் கேக்கேக்க மாப்பசை காய்ச்சி, உன்ட விருப்பு வாக்கு இலக்க நோட்டீசை மதகு மதகா ஒட்டினது நான். மாகாணசபையில மந்திரியானாய், இந்தக் கரையிலதான் வெடி கொளுத்தினம். கபினெற்றுக்குப் போனாய், ஊரே சமைச்சுச் சாப்பிட்டுது. எங்கட கரையை விக்கிற கதை அங்க வரேக்க வாயைத் திறந்தனியோ?

— திறந்தனான்.

— என்ன சொன்னனி?

— ஊராக்களோடயும் ஒருக்காக் கதைப்பம் எண்டு சொன்னனான்.

— பிறகு?

— பிறகு... எல்லாரும் ஓம் எண்டினம், நானும் ஓம் எண்டனான். உனக்கு விளங்காது அக்கா. நான் தனிய எதிர்த்தா அடுத்த நாள் என்ட கதிரையில வேறொருத்தன். இண்டைக்கு இது குழம்பினாலும் அதுதான் நடக்கும். எவ்வளவு பாடுபட்டு அங்க போனனான் தெரியுமோ?

— தெரியாதோ? கூடப் பாடுபட்டது நான்தானே.

— ஐயா! வாகனங்கள் உப்புவெளி தாண்டிட்டுதாம். பானையளைத் தூக்கட்டோ எண்டு பொலிஸ் கேக்குது.

— ஆர் இந்தப் பிள்ளை?

— என்ட செயலாளர் பிரகலாதன். கொஞ்சம் பொறும் பிரகலாதன்.

— ஏன் பொறுக்க? தூக்கட்டும். சப்பாத்துக் காலால அம்மாளின்ட பானையை உதைக்கட்டும். உன்ட உத்தரவுதானே, குடு.

— பானையில ஒருத்தரையும் கைவைக்க விடமாட்டன். அது உனக்குத் தெரியும்.

— தெரிஞ்சுதான் பானை வச்சனான். பதாகை பிடிச்சிருந்தா இவ்வளவுக்குப் பறிச்சுக் கிழிச்சிருப்பாய்.

— சரி, நீ கெட்டிக்காரி. இப்ப என்னை என்ன செய்யச் சொல்றாய்?

— தண்ணி கொதிச்சு வருது, பார். அப்பா செத்தாப்பிறகு எங்கட வீட்டுப் பொங்கலுக்கு முதல் அரிசி உன்ட கையாலதானே. சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் பாயில இருந்துகொண்டு ஒரு பிடி போடு.

— போட்டா, பொங்கி முடிஞ்ச உடன வழி விடுவியோ?

— அம்மாளோட பேரம் பேசாதை. போடு.

— இந்தா. முத்துமாரித் தாயே... போட்டாச்சு.

— ஐயா, சப்பாத்தைப் போடுங்கோ! முதல் வாகனம் சந்தியால திரும்பிட்டுது!

— இனி அவருக்கு ஏன் சப்பாத்து, தம்பி? முதல் அரிசி போட்டவர் பொங்கிப் படைச்சிட்டுத்தான் பாயால எழும்போணும். இடையில எழும்பினா வீட்டுக்குக் கூடாது. இந்த ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெடியள், வடிவா வீடியோ எடுங்கோ! றோட்டில பொங்கிறது எங்கட மினிஸ்டர்!

— அக்கா! ஏமாத்திப்போட்டியே!

— ஓம், ஏமாத்தினனான். எனக்கொரு வெக்கமும் இல்ல. நீ அங்க ஓம் எண்டேக்க வெக்கப்பட்டனியோ? உன்னை ஆரும் கட்டி வைக்கேல்ல. பானையை உன்ட கையாலயே கவிட்டுப்போட்டுப் போ. போ பாப்பம்!

— ஐயா, கொழும்பில இருந்து பெரியவர் லைனில நிக்கிறார். வீடியோ அங்க போயிட்டுது போல, கத்துறார். ஊராக்கள் உங்களைப் பிடிச்சு இருத்தி வச்சிருக்கினம் எண்டு சொல்லட்டோ? சொன்னா உங்கட பதவி தப்பும். மிச்சத்தைப் பொலிஸ் பாக்கும்.

— போனைக் கொண்டாரும்.

— கனகு... என்னடா சொல்லப்போறாய்?

— நீ அகப்பையைப் பிடி அக்கா, அடிப்பிடிக்குது. ஹலோ... ஓம் சேர், கனகசிங்கம்தான் கதைக்கிறன். இல்ல சேர், ஊராக்கள் இல்ல. றோட்டை மறிச்சுக்கொண்டு இருக்கிறது நான்தான். என்ட கதிரைக்கு வேற ஆளைப் பாருங்கோ.