நாலு மணிக்குத் திறக்கும் கேள்வி

இது தொடங்கியபோது மணி மூன்றரை. ராத்திரி இல்லை... ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என்னோடு வேலை பார்த்தவனின் அக்காவுக்கு நடந்தது இது. பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு கிலோமீட்டர், நேர் ரோடு. ஒரு பக்கம் நீண்ட மதில். இன்னொரு பக்கம் வெறும் பொட்டல். ஒரு நாய்கூட இல்லை. லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக நடந்தாள். அவளுக்கு அது பழக்கம்தான். ஊரைவிட்டு வந்து ஒற்றை அறையில் பதினோரு வருஷம். கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய், வீட்டில் அதை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். லீவு நாளில் வேலை என்றால் ஆபீஸில் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "உனக்கென்ன, வீட்ல யார் காத்துக்கிட்டு இருக்காங்க?"

நாள்பட்ட நோயாளிகள் தங்கும் ஆஸ்பத்திரி அது. யாரைப் பார்க்க யார் வந்தார்கள் என்று பதிவதும், யாருக்கு எப்போது மருந்து என்று சொல்வதும் அக்காவின் ஆபீஸ் எழுதிக்கொடுத்த ஒரே ப்ரோக்ராம். தினமும் சாயங்காலமானால் அது இறுகி நின்றுவிடும். முந்தின வாரம் ஒரு கிழவருக்கு ஊசி இரண்டு மணி நேரம் தாமதம். மயிரிழையில் பிழைத்தார்.

கோளாறு எங்கே என்று அக்காவுக்கு ஒரு யூகம் இருந்தது. டேட்டாபேஸிடம் எதையாவது கேட்க, ப்ரோக்ராம் அந்தக் கேள்வியை ஒரு ஸ்டேட்மென்ட்டாக ஆக்கி அனுப்பும். பதில் வந்ததும் அதை மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் திறந்தபடியே காத்திருக்கும். அப்படிச் சேரச் சேர, எல்லாவற்றுக்கும் மூச்சு முட்டும். எது மூடாமல் கிடக்கிறது என்று பிடிக்க, ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டையும் சுற்றி ஓர் உறை எழுதி எடுத்து வந்திருந்தாள். என்ன கேள்வி, கேட்டது எந்த கம்ப்யூட்டர் மெஷின், எப்போது திறந்தது, எப்போது மூடியது... உறை எல்லாவற்றையும் திரையில் காட்டும்.

அங்கே உனக்கு என்ன சிரிப்பு? "பேசாம ஆஃப் பண்ணி ஆன் பண்ண வேண்டியதுதானே?" என்கிறாயா? அதையெல்லாம் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அவளை அனுப்பினார்கள்.

ரெக்கார்ட் ரூம். பினாயில் வாசனை. தலைக்கு மேலே ஃபேன்... டக்... டக்... என்று சுற்றியது. நாலு மணி, பார்வையாளர் நேரம். வரிகள் ஓட ஆரம்பித்தன. திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. நடுவில் ஒன்று... திறந்தது. அவ்வளவுதான்.

இந்த நோயாளியைப் பார்க்க இன்று யார் வந்திருக்கிறார்கள்? இதுதான் கேள்வி, கூடவே அந்த நோயாளியின் நம்பர். கேட்டது ஒன்பதாம் மெஷின்.

அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது எட்டு மெஷின்.

டியூட்டி நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். நர்ஸ் திரையைப் பார்த்தவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம்பது மேல் வார்டுல இருந்துச்சு மேடம். எடுத்து ஒரு வருஷம் ஆச்சு. இந்த நம்பர்... அந்தம்மா போய்ச் சேர்ந்தும் ஒரு வருஷம். ஆறு வருஷம் இருந்தாங்க. நாலு மணியானா குளிச்சு, பவுடர் போட்டு, கதவைப் பாத்து உக்காந்துடுவாங்க. 'கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா, யாராச்சும் வந்திருக்காங்களா'ன்னு கேப்பாங்க. நான் தட்டிப் பாத்து, இல்லம்மான்னு சொல்வேன்."

"ஒருத்தர்கூட வரலையா?"

"ஒருத்தர்கூட."

நர்ஸ் போய்விட்டாள். உறையில் இரண்டு வரி சேர்த்து, அந்த ஸ்டேட்மென்ட்டை வலுக்கட்டாயமாக மூட வைத்தாள் அக்கா. மூடியது. அடுத்த நொடி... திறந்தது. மறுபடி மூடியது. திறந்தது. மூட மூட, திறக்கிற வேகம் கூடியது. திரை முழுக்க ஒரே வரி. யார் வந்திருக்கிறார்கள்... யார் வந்திருக்கிறார்கள்... ஃபேன் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். பினாயில் வாசனை இல்லை. முகப் பவுடர் வாசனை... குளித்த ஈரம் காயாத யாரோ நாற்காலிக்குப் பின்னால் குனிந்து திரையைப் பார்ப்பதுபோல.

அவள் திரும்பவில்லை. "பயமா இல்லடா, பாவமா இருந்துச்சு" என்றாளாம் தம்பியிடம். பார்வையாளர் பட்டியலைத் திறந்து தன் பெயரை அடித்தாள். நேரம் அடித்தாள். உறவு என்ற கட்டத்தைக் காலியாக விட மனம் ஒப்பவில்லை. பிறகு, 'மகள்' என்று அடித்தாள்.

ஸ்டேட்மென்ட் தானாக மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து ப்ரோக்ராம் ஒருநாளும் நிற்கவில்லை. ஆபீஸில் பாராட்டினார்கள். ஒரு மாதம் கழித்து நர்ஸ் போன் செய்தாள்.

"மேடம், தினம் நாலு மணிக்கு உங்க பேர் பதிவாகுது. நீங்க வர்றீங்களா? நாங்க யாரும் உங்களைப் பாக்கலையே..."

அந்த மாதம் முழுக்க அக்கா ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஆனாலும், "ஆமா, வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

போன வாரம் தம்பி அவளுக்குப் போன் போட்டிருக்கிறான். "அக்கா, அடுத்த வாரம் வீடு மாத்துறோம். ஒத்தாசைக்கு வர்றியா?"

"இருடா... அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

போனைக் கையால் பொத்துகிற சத்தம். அவள் யாரிடமோ மெதுவாகப் பேசுவது கேட்டது. பதில் கேட்கவில்லை. இங்கே, அவன் பக்கத்தில், அவர்களைப் பெற்ற அம்மா உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சரின்னுட்டாங்கடா," என்றாள் அக்கா. குரலில் அவ்வளவு சந்தோஷம்... "ரெண்டு பேருமா வர்றோம்."