பேர் மாறிய கப்பல்

"கப்பலுக்குப் பேர் மாத்திட்டாங்களாம் அக்கா. நான் மூண்டு செவ்வாயும் பழைய பேருக்குத்தான் பூசை குடுத்திருக்கிறன்."

கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சொன்னவளின் மடியில் மெழுகுதிரிக் கட்டு இருந்தது. மற்றவளுக்கு வயது கொஞ்சம் கூட.

"ஏன் மாத்தினவங்க?"

"எண்ணெய்க் கப்பல். எங்கயோ சண்டையாம், அதுக்காகக் கப்பலுக்குத் தடை போட்டுட்டாங்க. ஒரு ஹாபரும் உள்ளே எடுக்குதில்ல, கடலிலயே நிக்குது. பேர் மாத்தினா எடுப்பாங்களெண்டு முதலாளி நினைக்கிறார். எங்கட இவர் அதில குக். சமைக்கிறதைத் தவிர என்ன தெரியும் இவருக்கு?"

"அப்ப பூசைச் சீட்டில புதுப் பேரை எழுதிக் குடு."

"ஃபாதர் மைக்கில வாசிப்பாரே! ஆராவது கேட்டு அதுக்கும் தடை போட்டா?"



"கப்பலை விடு. புருசன்ட பேரை எழுது."

"இவர் மட்டும் இறங்கி வர ஏலுமா? இருபது பேர் இருக்கிறாங்க அதில."

"எல்லார்ட பேரையும் எழுதன்."

"பேரொண்டும் தெரியாது அக்கா. ஆருக்கு உறைப்புக் கூடாது, ஆர் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார், அதுகளைத்தான் போன்ல சொல்லுவார்."

கோயில் தரிப்பில் பஸ் நின்றது. மூத்தவள் எழும்பிக்கொண்டே கைப்பையிலிருந்து பேனையை எடுத்து நீட்டினாள்.

"அதையே எழுது. மைக்கில வாசிக்கட்டும். தடை போட்டவங்களும் கேக்கட்டும்."