எண் அழிந்த புங்கமரம்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் பெரியோர்களே! கட்டட வேலையை அரைநாளோடு முடித்து, கையில் சிமெண்டு காயுமுன் வந்துவிட்ட தாய்மார்களே! கல்வராயன் மலையிலிருந்து மரக்கன்றுகளோடு ஒரே வேனில் வந்திறங்கிய மலைவாழ் சொந்தங்களே! பட்டறைத் தெரு வார்டு உறுப்பினர் மலர்விழியின் பணிவான வணக்கம்.

நம் நகரத்தின் மரப் பதிவேடு இன்று வெளியாகிறது. மரத்துக்கு எதற்குப் பதிவேடு? நிழலுக்கு எதற்கு நிர்வாகம்? எந்தக் கிளை புயலில் முறியும், எந்த வேர் குழாயை நெருக்கும், எந்தத் தெரு வெயிலில் வெந்து கிடக்கிறது என்று தெரியாமல் கன்று வைத்தால், நட்டவர்களும் நாமே, நாளை வெட்டுபவர்களும் நாமே!

கைதட்டாதீர்கள். நான் பாராட்டு வாங்க வரவில்லை, செய்த தவறைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பட்டறைத் தெருவில் சித்தாள் வேலை பார்ப்பவர் பவானி. அவர் கணவர் தங்கமணி, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர். தகரக் கூரைக்குள் பகலில் ஒரு மனிதர் படுத்திருக்க முடியுமா? வாசலில் பவானி வளர்த்த புங்கமரத்தடியில்தான் அவருக்குக் கட்டில். காலையில் பவானி வேலைக்குப் போகும்போது கணவரை அந்த நிழலிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போவார்.

பங்குனியில் வண்ணப்பூச்சு டப்பாவோடு நானே போனேன். மரத்துக்கு மரம் வெள்ளை எண் போட்டோம். மறுநாள் வந்து, எண் உள்ள மரங்களை அளந்து பதிவேட்டில் எழுதுவதாகத் திட்டம். மறுநாள் காலை நாங்கள் வருமுன் பவானி என்ன செய்தார் தெரியுமா? தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு, எண்ணைத் தேய்த்துத் தேய்த்து அழித்துவிட்டார்!

சிரிக்கிறீர்கள். ஆனால் உளுந்தூர்பேட்டைப் பக்கம் சாலை அகலமானபோது புளியமரங்களில் எண் போட்டதையும், போட்ட மரம் போன இடம் தெரியாததையும் பார்த்தவர் அவர். எண் என்றால் வெட்டு என்றுதானே நினைப்பார்? எண் இல்லாத மரத்தைத் தாண்டிப் போகச் சொன்னவள் நான். ஊரிலுள்ள மரமெல்லாம் பதிவேட்டில் ஏறியது, அந்தப் புங்கமரம் மட்டும் ஏறவில்லை.

ஆடியில் கால்வாய் வேலை வந்தது. ஓட்டுநர் தீனதயாளன் பொக்லைனோடு வந்தார். கட்டிலை ஓரமாக நகர்த்திவிட்டு ஒரு கிளையை முறித்தார். நகர்த்திய இடத்தில் தங்கமணியின் முகத்தில் சுள்ளென்று வெயில். பக்கத்து வீட்டார் சொல்லி, பவானி தலைச் சும்மாட்டோடு ஓடி வந்தார்.

"லிஸ்ட்ல இங்க மரமே இல்லியேம்மா. நான் இன்னா பண்றது?"

"மரமே இல்லியா? கண்ணு முன்னால நின்னுக்கினு கீதே, இது இன்னாப்பா?"

தீனதயாளன் வண்டியை அணைத்தார். தகவல் கேட்டு மூச்சிரைக்க வந்து நின்ற என் கையில் சாவியைக் கொடுத்தார். "இது மரமா இல்லியான்னு முடிவு பண்ணிட்டு குடுங்க, கவுன்சிலரம்மா."

பவானி அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "நம்பர் போட்டா வெட்டுவீங்கன்னு அழிச்சேன். இப்ப நம்பர் இல்லன்னு வெட்டுறீங்க. ஓட்டு கேக்க வந்தப்ப என் வூட்டுக் கதவ தட்டுனீங்களே, நம்பர் போட வந்தப்ப தட்டுனா இன்னா?"

அன்பார்ந்தவர்களே, சாவியைக் கையில் பிடித்தபடியே பொறியாளரைப் போனில் அழைத்தேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பொறியாளர் வந்து பார்த்தார். கால்வாய் மூன்றடி வளைந்தது. மரம் பிழைத்தது. அந்த வாரமே நகர்மன்றத்தில் மன்றாடினேன், மல்லுக்கட்டினேன், பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்க்க வைத்தேன்.

என்னம்மா கேட்கிறீர்கள்? பவானி எங்கேயா? மூன்றாவது வரிசையில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். மேடைக்குக் கூப்பிட்டேன், மாட்டேன் என்றுவிட்டார். அதனால் இங்கிருந்தே அவருடைய பக்கத்தை வாசிக்கிறேன்:

"புங்கமரம். பட்டறைத் தெரு. வயது ஒன்பது. ஒரு கிளை முறிந்துள்ளது, தழைக்கிறது. தண்ணீர் ஊற்றுபவர் பவானி. நிழலில் இருப்பவர் தங்கமணி. இம்மரத்தில் கை வைக்குமுன் இவ்விருவரையும் வீடு தேடிச் சென்று கேட்க வேண்டும்."

கேட்க வைத்த பவானிக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.